இரண்டாவது எட்டு

கூடுவாஞ்சேரி
6.1.2025

அயூப் அவர்களுக்கு,

ஸலாம். நலம்தானே? நீங்கள் கோபித்துக்கொண்டு அஸ்தினாபுரம் போய் அரை வருடம் தாண்டிவிட்டது. "அந்த ரேடியோப் பெட்டியோடயே குடும்பம் நடத்துங்க" என்று நான் கத்தினேன். நீங்களோ பெட்டியையும் இங்கேயே விட்டுப் போனீர்கள். வீம்புக்குப் படித்தேன். அமெச்சூர் ரேடியோ பரீட்சை பாஸ், லைசென்ஸும் வந்துவிட்டது. மொட்டைமாடியில் ஆண்டெனா கட்ட வேண்டும். கம்பி எவ்வளவு நீளம்? போனில் மூன்றாவது நிமிடமே சண்டை வருகிறது, எழுதியே அனுப்புங்கள்.

ஜஹீரா

அஸ்தினாபுரம்
11.1.2025

அன்புள்ள ஜஹீராவுக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். பக்கத்துக்குப் பத்து மீட்டர் செம்புக் கம்பி. நடுவில் இரண்டும் ஒட்டக் கூடாது. ஒன்றைக் கேபிளின் நடுக்கம்பியோடும், மற்றதை அதைச் சுற்றியுள்ள வலையோடும் பற்றவை. முனைகளை நைலான் கயிற்றால் கட்டு. நீ ஏணி ஏறாதே, உனக்குத் தலை சுற்றும்.

உன் அண்ணன் சாஹில் வந்திருந்தார். மாதக் கடைசியில் ஜமாஅத்தில் பேசி விவாகரத்தை முடித்துவிடலாம் என்றார். உன் விருப்பமும் அதுதான் என்றால் நான் தடுக்கமாட்டேன்.

அயூப்

கூடுவாஞ்சேரி
20.1.2025

அயூப் அவர்களுக்கு,

நானேதான் ஏறினேன். தலை சுற்றவில்லை. மறுநாள் பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் கீழ்வீட்டு ரத்தினபாய் அக்கா கம்பியில் இரண்டு ஈரப்புடவை காயப்போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "இம்மா நீளத்துக்குக் கொடி கட்டிகினு சும்மா வுட்டு வெச்சா இன்னாம்மா?" என்கிறார்.

இப்போது கேட்கிறது. யார் யாரோ எங்கிருந்தோ மோர்ஸ் தந்தி மொழியில் தட்டும் டிக் டிக். மத்தியானம் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறேன். கனவிலும் யாரோ தட்டுகிறார்கள்.

அண்ணன் சொன்னதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ரேடியோவில் உங்களை அழைக்கிறேன்.

ஜஹீரா

அஸ்தினாபுரம்
27.1.2025

அன்புள்ள ஜஹீராவுக்கு,

நேற்று நண்பரிடம் இரவல் வாங்கிய பெட்டியில் நீ அடித்ததைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்து அறையில் நீ விரலால் மேசையைத் தட்டுவதுபோல் இருந்தது. முடிக்கும்போது வழக்கமாக எழுபத்துமூன்று அடிப்போம். வாழ்த்து என்று அர்த்தம். நீ எண்பத்தெட்டு அடித்தாய். எங்கள் வழக்கத்தில் அதற்கு அர்த்தம் அன்பு முத்தம்.

புதுக் கை, தவறியிருக்கும். தவறென்றால் சொல்லிவிடு, வருத்தப்படமாட்டேன். இல்லை, பொய், வருத்தப்படுவேன். பதில் அடிக்கவில்லை, இருட்டும் வரை பெட்டியை அணைக்காமல் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாஹிலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அயூப்

கூடுவாஞ்சேரி
29.1.2025

அன்புள்ள மச்சான்,

தபால் தாமதமாகும் என்று கூரியரில் அனுப்புகிறேன். அண்ணனுக்கு நானே பதில் சொல்லிவிட்டேன், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஏழு என்றால் இரண்டு கோடு, மூன்று புள்ளி. எனக்கு ஒரு புள்ளி நீண்டு கோடாகி, எட்டாகிவிட்டது. அது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். அழித்து அடித்திருக்கலாம். கை அப்படியே நின்றது. அடுத்து மூன்று அடிக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாவது எட்டை நான் தெரிந்தேதான் அடித்தேன்.

உங்கள்
ஜஹீரா