முதலில் பார்த்தது யார்

பிப்ரவரி 9, திங்கள்

பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதாம். ஆம்! என் மகளுக்குப் பல் முளைத்த சேதி எனக்கு "ஆம்" போட்டு வருகிறது.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கோட்டுப் பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் குடும்பக் குழுவில் போட்டோ. ஒரு ஸ்பூன், ஒரு ஈறு. கீழே அக்கா: "டங்குன்னு சத்தம் வந்துச்சு. நான்தான் கண்டுபிடிச்சேன்!" ஆளாளுக்கு அவருக்கு வாழ்த்து. காலையில் அதே ஈறைத் தடவிவிட்டுத்தானே வந்தேன்? என் விரலுக்கு மட்டும் ஒளிந்துகொண்டதா?

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. இவருடைய அண்ணன் மனைவி. மாடியில் குடியிருக்கிறார். நான் வேலைக்குப் போனால் இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஆகவே நான் வாயைத் திறக்கக் கூடாது.

இவரிடம் சொன்னேன். "பல்லு எங்க ஓடிடப் போவுது? வந்து பாத்துக்கோ" என்றார்.

பிப்ரவரி 10

பார்த்தேன். உப்புக்கல் அளவு. பார்த்ததற்குக் கடி வேறு.

மார்ச் 4, புதன்

உட்கார்ந்தாளாம். தலையணை முட்டுக்கொடுக்காமல். வீடியோ வந்தது. ஓரத்தில் பெரியவனின் கால் தெரிகிறது, அவள் கிலுகிலுப்பையை நைசாகத் தள்ளிக்கொண்டு போகிறது. அவனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. காதில் விழுவதையெல்லாம் தெருவுக்கே ஒலிபரப்புவதால் வீட்டில் பெயர் ரேடியோ. போன வாரம் மளிகைக்கடைக்காரரிடம், "எங்கம்மா காசு வாங்கிட்டு எல்லாரையும் குத்துவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். அவனும் ஏறினான். "அவள இறங்கச் சொல்லு. அவளுக்குத்தான் தனியா உக்காரத் தெரியுமே!"

நியாயம்தான். இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, என்னைத் தவிர.

ஏப்ரல் 18, சனி

தவழ்ந்தாளாம்.

வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் வீடியோவைப் பார்த்துக் கண் கலங்கினால், ரசீது போடும் பெண் சொல்கிறாள்: "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க. பாத்துக்க ஆள் இருக்கு."

கொடுத்து வைத்தவளா! ஆமாம், பெற்ற பிள்ளையையே கொடுத்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் கொட்டிவிட்டேன். "அக்கா, இனிமே எனக்கு எதையும் அனுப்பாதீங்க. அவ பண்றத நானே பாத்துக்கறேன்."

"சரிம்மா." அவ்வளவுதான். இடுப்பிலிருந்த பாப்பாவை என்னிடம் தந்துவிட்டு மாடியேறிவிட்டார்.

இவர்: "நாளைக்கு அவங்க வரமாட்டேன்னா? வேலைய விடுவியா?"

ஏன், நீங்க விடுங்களேன்! மனசுக்குள் இல்லை, வாய்விட்டே கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மே 7

அக்கா வருகிறார், பார்த்துக்கொள்கிறார், போகிறார். போன் மட்டும் துடிப்பதில்லை. நான் கேட்டதுதானே? கிடைத்த பிறகும் ஏன் நிமிஷத்துக்கு ஒருமுறை கோட்டுப் பையைத் தொட்டுப் பார்க்கிறேன்?

ஜூன் 21, ஞாயிறு

நடந்துவிட்டாள்! "ஆம்" இல்லை. என் கண்ணெதிரில். சோபாவை விட்டுவிட்டு, தள்ளாடித் தள்ளாடி, துணி வாளி வரைக்கும். நான் போட்ட சத்தத்தில் இவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். வீடியோவைக் குழுவில் போட்டேன்: "முதல் அடி. நானே பார்த்தேன்." அக்கா ஒரு இதயம் அனுப்பினார்.

மத்தியானம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது ரேடியோ: "பாப்பா மாடிலயும் நடந்துச்சே. பெரிம்மா கை தட்டுனாங்க. அம்மாட்ட சொல்லாதன்னாங்க."

"எப்படா?"

"அன்னைக்கு."

அவனுக்கு எல்லா நாளும் அன்னைக்குத்தான். எனக்குத்தான் தலையில் தண்ணீர் கொட்டியது போல் ஆயிற்று. என்னை வைத்து நாடகமா? நான் கூப்பாடு போட்டதைப் பார்த்துவிட்டு இதயம் வேறு!

ஜூன் 22, திங்கள்

வேலைக்குக் கிளம்பும் முன் மாடிக்குப் போனேன். அக்கா பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து நடக்கறாக்கா?"

கை நின்றது. "வியாழக்கிழமைலேர்ந்து."

"என்னை முட்டாளாக்கிட்டீங்கல்ல?"

"அனுப்பாதன்னு சொன்னது நீதானே?" மடித்த சட்டையை மறுபடி பிரித்தார். "எம் பெரிய பையன் நடந்தப்போ நான் மில்லுல ஷிப்ட்ல இருந்தேன். வாசல்ல செருப்பக் கழட்டறதுக்குள்ள மாமியார் சொல்லிட்டாங்க. அப்புறம் அவன் நடந்து காட்டினான். ஏற்கெனவே பாத்த படம் மாதிரி இருந்துச்சு எனக்கு. உனக்காவது புதுசா இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, படியிறங்கினேன். கோபம் மட்டும் இறங்கவில்லை. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை. வாரத்தில் ஆறு நாளும் என்னைப் பரிசோதனைக் கூடத்தில் நிற்கவைக்கும் மேலாளர்மேல் என்று வைத்துக்கொள்ளலாம். எதையும் தவறவிட்டதாகவே தெரியாமல் நிம்மதியாகக் குறட்டை விடும் இவர்மேலும் வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 12, ஞாயிறு

அக்கா நேற்று மகன் வீட்டுக்குப் போனார். பாப்பா காலையிலிருந்து மாடிப்படிக் கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "பெம்மா! பெம்மா!"

முதல் வார்த்தை. அம்மா இல்லை, பெம்மா! சுமந்தது நான். தையல் போட்டது எனக்கு. என்னைப் பார்த்து வெறும் "மா" கூட வரவில்லை, அதற்கு முன்னால் ஒரு "பெ" சேர்க்கத் தெரிகிறது!

இவர் போனை எடுத்தார். பிடுங்கிவிட்டேன். "அனுப்பாதீங்க. நாளைக்கு வந்து அவங்க காதாலயே கேக்கட்டும்."

ரேடியோவை உட்காரவைத்து, மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிவிட்டேன்.

ஜூலை 13, திங்கள்

அக்கா வாசலில் கால்கூட வைக்கவில்லை, அதற்குள் ரேடியோ ஓடினான். "பெரிம்மா! பாப்பா உங்கள பெம்மான்னு கூப்ட்டா! உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்! அம்மா சொன்னாங்க!"

அடப்பாவி.

அக்கா என்னைப் பார்த்தார். நான் பாப்பாவைப் பார்த்தேன். அந்த மகாராணி தன் செருப்பு வாரைச் சப்பிக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவே இல்லை.

"உனக்கு நேரமாகுது, கிளம்பு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, பாப்பாவுக்கு எதிரே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆகட்டும்" என்று தோள்பையைக் கழற்றினேன். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரேடியோ நடுவில் நுழைந்துகொண்டான். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. அதன் பிறகுதான் சொன்னாள்.

பரிசோதனைக் கூடத்தில் மேலாளர் வழிமறித்தார். "ஏன் இவ்ளோ லேட்டு?"

"பொண்ணு பேசினா சார்."

"அதுக்கு?"

 கையுறையை மாட்டிக்கொண்டு, வரிசையில் முதலில் இருந்தவரைக் கூப்பிட்டேன்.