ஆர் ஆரோட கதைக்கிறேல்லை

இன்று நாற்பத்தொரு டிகிரி என்று காலையிலேயே கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது. உடனே உங்கள் முகம் நினைவுக்கு வந்தது, அக்கா. வழக்கம்போல வெட்கமும் கூடவே வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கடும் வெயிலை நம் நோபல் பார்க் புறநகர் மக்கள் எப்படிச் சேர்ந்து தாங்குவார்கள் என்று ஆராய, கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் பொறியாளர், மருத்துவர், சமூகவியலாளர் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். தமிழ் முதியோர் சங்கத்தை நடத்துகிறவராக நீங்கள் வந்திருந்தீர்கள். நான் என் வரைபடத்தைக் காட்டினேன். கூரை, மரநிழல், வயது எல்லாம் கணக்கிட்டு, ஆபத்தான தெருக்களுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குப் பச்சை.

நீங்கள் என் பக்கம் குனிந்து கேட்டீர்கள்: "தம்பி, ஆர் ஆரோட கதைக்கிறேல்லை எண்டு இதில இல்லையே?"

"அக்கா, அது ஊர்வம்பு. டேட்டா இல்ல."

அதோடு விட்டிருக்கலாம். யார் யாரோடு பேசுவதில்லை என்ற உங்கள் கேள்வியை ஆங்கிலத்தில் எல்லாருக்கும் வேடிக்கையாகச் சொன்னேன். சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்தக் கோடையில், வெயிலின் மூன்றாம் நாள் மின்சாரம் நின்றது. நான் சிவப்புத் தெருக்களுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு பச்சைத் தெருவுக்குக் காரை ஓட்டினீர்கள். கோயில் நிர்வாகச் சண்டைக்குப் பிறகு எவரோடும் பேச்சில்லாத அங்கிள் ஒருவர் அங்கே தனியாக இருந்தார். அவரை யாரும் போனில் விசாரிக்கமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். குசினியில், அடுப்பருகே தரையில் கிடந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத் துவாயால் துடைத்துக்கொண்டே இருந்தீர்களாம். பிழைத்துக்கொண்டார்.

பிறகுதான் உங்களைத் தேடி வந்தேன். எந்த வீட்டில் யார் தட்டினால் கதவு திறக்கும் என்று மூன்று மத்தியானங்கள் சொன்னீர்கள். எழுதிக்கொண்டேன். அது என் கட்டுரையாகி, சிட்னி மாநாட்டில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்தது. உங்கள் பெயர் அதில் எங்கும் இல்லை. நீங்கள் அதைக் கேட்டு வாங்கி வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறியள்" என்றீர்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

உங்கள் இறுதிச் சடங்கில் அந்த அங்கிள் என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "உங்கட வரைபடந்தான் என்ர வீட்டைக் காட்டினதெண்டு அவ சொன்னவ. நீங்கள் நல்லா இருக்கோணும்."

யாரோ இரக்கப்பட்டுத் தேடி வந்ததாக அவர் கூசக்கூடாது என்று அப்படிச் சொல்லியிருப்பீர்கள். நான் ஆமென்று தலையாட்டினேன்.

மறுவாரமே வெளியீட்டாளர்களுக்கு எழுதிக் கேட்டு, கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன். ஆனால் அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இந்த வெயிலில் நான் போய்த் தட்டினால், அந்த நன்றியோடு "ஓம், வாங்கோ" என்று சந்தோஷமாகத்தான் கதவைத் திறப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.