பழைய ஸ்கேன்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. பள்ளிக்கு இந்த வாரம் லீவு சொன்னேன், காய்ச்சல் என்று.

டாக்டரம்மா சொன்னது, மறக்குமுன்: "ரெண்டு வருசம் முன்ன எடுத்த மார்பு ஸ்கேன் ரிப்போர்ட்டு உண்டும்னா வெள்ளிக்கெழம கொண்டு வாங்க. கட்டி அப்பவும் இதே அளவுன்னா பயப்படாண்டாம். வளந்திருந்தா ஊசி குத்தி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

அப்போது சின்னதாக ஒன்று, பயமில்லை என்றார்கள். எவ்வளவு சின்னது? நினைவில்லை. அந்தக் காகிதம் போன வருட மழையில் அலமாரிக் கீழ்த்தட்டோடு ஊறிப் போனது. ஸ்கேன் எடுத்த இடத்தில் இப்போது செருப்புக்கடை.

இவர் குவைத் திரும்புமுன் வீட்டுக் காகிதம் எல்லாவற்றையும் ஸ்கேனரில் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். என்ன பெயரில் என்று கேட்டால் போதும். ஏன் என்பார். கேட்கப் போவதில்லை.

வாங்க: சோப்பு, தீப்பெட்டி.

ஜூன் 10, செவ்வாய்
ஃபைல் தேடும் பெட்டியில் 'ஸ்கேன்'. ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீது, மகளின் ஞானஸ்நான சர்டிபிகேட், இன்னும் வந்துகொண்டே இருந்தது. ஸ்கேனர் தானாக வைத்த பெயர்.

'ரிப்போர்ட்'. மகளின் பள்ளி மார்க்குகள்.

'மார்பு'. கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். வீட்டில் யாரும் இல்லை. பொருந்துவது எதுவுமில்லை என்றது.

தேதி வைத்தும் பார்த்தேன். எல்லாம் அவர் ஏற்றிய அதே வாரம். உதவாது.

மைனி, இவர் அக்கா, சக்கைப்பழத்தோடு வந்தாள். "ஏட்டி, காலத்தயே அதுக்கு முன்ன இருக்க. என்னத்த தேடுத?"
"ஒரு பில்லு."
"யாரு வச்சது, எந்தம்பியா? அப்பம் கம்ப்யூட்டர்ல தேடாத. அவன் மண்டைக்குள்ள தேடு."
அவளே சிரித்தாள்.

ஜூன் 11, புதன்
மைனி சொன்னதில் விஷயம் உண்டு. பெயர்களை வரிசையாகப் பார்த்தேன். காகிதம் எது என்று இவர் பெயர் வைக்கவில்லை. அன்று எந்த ஊருக்குப் போனோம் என்று வைத்திருக்கிறார். 'கருங்கல் 2' திறந்தால் மிக்ஸி வாரண்டி. 'தக்கலை', பத்திர நகல்.

ஸ்கேன் எடுத்தது நாகர்கோவிலில். அடித்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். கண்ணாடிச் சீட்டு, என் பி.எட். சான்றிதழ், கட்டில் வாங்கிய ரசீது. அது இல்லை.

இன்று கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

சக்கைப்பழம் மீதி. ஈ.

ஜூன் 12, வியாழன்
மழை விட்டது. மீன்கார அக்கா வந்தாள்.
"முட்டத்து மீனா?"
"கடியப்பட்டணம், டீச்சர். முட்டம்னா தான் எறங்குமோ? அப்பம் முட்டம்தான், எடுங்க."
சாளை வாங்கினேன்.

வெட்டும்போதுதான். அன்று ஸ்கேன் முடிந்து, இவர் வண்டியை வீட்டுக்கு விடாமல் முட்டத்துக்கு விட்டார். கடல் பாறையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். ரிப்போர்ட் உறை என் மடியில், பறக்காமலிருக்க மேலே அவர் செருப்பு.

கை கழுவிவிட்டு 'முட்டம்' அடித்தேன். ஒன்றே ஒன்று வந்தது.

அன்று நாலு மி.மீ. இப்போது பதினொன்று.

குழம்பு வைத்தேன். சாப்பிட்டேன்.

மாலை இவர் போன். நானே கேட்டேன், "அந்த ஸ்கேனுக்கு ஏன் முட்டம்னு பேரு வச்சிய?"
"பின்ன ஆஸ்பத்திரி பேரா வைக்க? அன்னைக்கு முட்டத்துல வச்சுல்லா நீ வாயத் தொறந்த. அதுவர கல்லு மாதிரி இருந்த." பிறகு, "ஏட்டி, இப்ப அது எதுக்கு?"

சும்மா என்று சொல்லத்தான் இருந்தேன்.

"லீவு கெடைக்குமான்னு கேளுங்க" என்றேன்.