பதினோரு வருடம் முன்னதாக

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நாலு வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதினால் ஏதோ காரியம் இருக்கிறது என்றுதான் நினைப்பாய். இருக்கிறது. உன் பழைய தையல் ஆலையின் சூப்பர்வைசர் அம்மாதான் இந்த முகவரியைத் தந்தார். கேட்க வாய் வராமல் வாசலில் அரைமணி நேரம் நின்றேன். கடைசியில் அவரே, "யாரு, அவ தங்கச்சியா? மூக்கப் பாத்தாலே தெரியுதே" என்றார்.

வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. இருபது வருடக் கடன், ஒன்பதே வருடத்தில். கடைசித் தொகையைக் கட்டிவிட்டு வந்து அப்பா சட்டையை ஆணியில் மாட்டினார். "முடிஞ்சுது" என்றார். "சரி, கை கழுவிட்டு வாங்க" என்றாள் அம்மா. வழக்கம்போலக் கூடத்தில் மட்டும் ஒரு விளக்கு. சாப்பிட்டோம். கடைசியாக எழுந்தவள் நான் என்பதால் நான் அணைத்தேன்.

பீரோ கதவின் உள்பக்கம் நாம் பென்சிலில் எழுதிய "கடன் முடிந்ததும்" பட்டியல் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணாடி, அப்பாவின் முழங்காலுக்கு டாக்டர், உன் கையெழுத்தில் "மாலைக் கல்லூரி". கண்ணாடி வாங்கப் போகலாமா என்று கேட்டேன். "இப்ப என்ன அவசரம்? இதுலயே தெரியுது" என்றாள். ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறாள். பற்பசைக் குழாயை இன்னும் கத்தரியால் பிளந்து வழிக்கிறோம். கொதி வந்ததும் பானையை இறக்கிப் பழைய போர்வையில் சுற்றி வைக்கிறாள், மிச்சத்தை அதுவே வேகட்டும் என்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

காரியம் இதுதான். வீட்டுப் பத்திரம் அப்பா பேரிலும் உன் பேரிலும் இருக்கிறது, கடனும் அப்படியே. இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கியில் பத்திரத்தைத் திருப்பித் தருவார்களாம். அப்பா உனக்கு எழுதச் சொன்னார்.

உடம்பு எப்படி இருக்கிறது?

உன் தங்கை


மார்ச் 13

ஊமைக்கோட்டானுக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்கு இவ்வளவு பேச வருமா? உன்னைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை.

நன்றாக இருக்கிறேன். இங்கே துணி வெட்டும் பிரிவில் என் கீழே பன்னிரண்டு பேர். ஒரு அறை, ஒரு ஜன்னல். சாப்பிடுகிறேன். கடன் முடிந்தது எனக்குத் தெரியும்.

அப்பா என்ன வார்த்தை சொன்னார் என்று எழுது. மெருகு போடாதே.

ஏப்ரலில் ஒரு நாள் விடுப்புக் கிடைக்கும். வங்கியில் கேட்டு நாள் சொல்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

"வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஏப்ரல் பதினெட்டு சரி என்றார்கள். வங்கிக்கு நான்தான் போனேன். கடன் பிரிவு கிளார்க் அம்மா, "நீங்கதான் ரெண்டாவது பேரா?" என்றார். இல்லை, தங்கை என்றேன். "அக்காகிட்ட சொல்லுங்க, இப்படி மாசம் தவறாம கட்டுற ஆள நான் பாத்ததில்ல." எனக்குப் புரியவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி, உன் பேரில். நீ போனதற்கு அடுத்த மாதத்திலிருந்து ஒன்றுகூட விடவில்லை. எங்கள் சிக்கனத்தை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் ஏழு வருடம் பாக்கி இருந்திருக்குமாம்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியில் தேடினேன். வருடாவருடம் வங்கி அனுப்பும் கணக்குத் தாள்களை அப்பா அடுக்கி வைத்திருக்கிறார். உன் பேர் உள்ள வரி ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் ஒரு டிக். எல்லாவற்றுக்கும். நேற்றுகூடப் பட்டறை நண்பரிடம், "நாங்க மூணு பேரும் வாயக் கட்டி வயித்தக் கட்டி அடைச்சோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் அறை வெந்துகொண்டிருந்த அந்தக் கோடையில் நீ வாங்கி வந்த டேபிள் ஃபேன். மறுநாளே அப்பா அதைக் கடையில் திருப்பிக் கொடுத்து, பணத்தைக் கடனில் கட்டினாரே, அந்த பில்லை எடுத்துக் கொடுத்தது நான். அவர் கையை நீட்டினார், புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் நீ போய்விட்டாய். யாரிடமும் சொன்னதில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 1

தங்கைக்கு,

அந்த பில்லை உன்னிடம்தானே கொடுத்து வைத்தேன்? வேறு யார் கொடுத்திருப்பார்கள், பல்லியா? அப்போதே தெரியும். அவர் கையை நீட்டினால் நானும் கொடுத்துத்தான் பழக்கம். ஐந்து வருடம் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுத்தவள் நான். விடு.

ஏன் கட்டினாய் என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். பெரிதாக ஒன்றுமில்லை. ஏழாம் தேதி வந்தால் கால் தானாக வங்கிக்குப் போகும். கோபம் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன். வரவே இல்லை. போன மாதமும் ஏழாம் தேதி வாசல்வரை போய், கட்ட ஒன்றும் இல்லை என்று ஞாபகம் வந்து, அங்கே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

பதினெட்டாம் தேதி வருகிறேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வருவேனா தெரியவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வருகிறாய் என்று அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் ஒரு பத்திர எழுத்தரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நான் அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பெரிய பொண்ணு கையெழுத்து போடுவாங்களா?" என்று அவர் கேட்டார்.

"போடுவா. எதுக்குன்னு கேக்க மாட்டா" என்றார் அப்பா.

உன் பங்கை நீ விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்திரம். வீடு முழுவதும் அப்பா பேருக்கு வந்து, பிறகு என் பேருக்கு. "சின்னவ பேர்ல வீடு இருந்தாத்தான் நாளைக்கு வர்றவன் மதிப்பான்" என்றார்.

அம்மா கதவருகில் நின்று, "அவளுக்குன்னு ஒண்ணும் வேணாமா?" என்று கேட்டாள்.

"அவதான் போயிட்டாளே."

அம்மா உள்ளே வந்து, நான் துடைத்து வைத்த தட்டையே எடுத்துத் திரும்பவும் துடைத்தாள்.

அந்த மனிதர் போனபிறகு அப்பா என்னிடம், "இத எழுதாதே. அவ வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "சரிப்பா" என்றேன். எனக்கு வீட்டில் வேறு வார்த்தை வராது. உனக்குத் தெரியும்.

வீடு எனக்கு வேண்டாம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு எழுதி நான் வாங்கும் சம்பளத்துக்கு ஒரு ஜன்னல்கூட வாங்க முடியாது. முன்னறையில் என் மேசையை எங்கே போடலாம் என்று ஒருநாள் அளந்துகூடப் பார்த்தேன். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகவில்லை.

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். தாளை வீணாக்குகிறாள் என்று அம்மா பார்க்கிறாள். இன்று காலை தபால்தலைக்குச் சில்லறையை அவளே மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வங்கியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடு. அது பத்திரத்தை மீட்பதற்கு. வெளியே வந்ததும் பதிவு அலுவலகத்துக்குப் போக அப்பா வண்டி பிடிப்பார். நானும் வாசலில் நிற்பேன். நான் ஒன்றும் பேசமாட்டேன், பேச வராது, அதனால்தான் இதில் எழுதுகிறேன்.

அந்த வண்டியில் ஏறாதே, அக்கா.