நக அளவு தூக்கிவைத்த மூடி

அத்தான்,

இன்று காலை புல் வெட்டும் மிஷினின் டேங்கைத் திறந்தேன். பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு புளித்த நெடி அடித்தது. ஒரு வருஷமாக உள்ளேயே கிடந்த பெட்ரோல். நீங்கள் ஊற்றியது.

அதை வாளியில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்து வீட்டில் அக்கா தன் கொல்லைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அவள் குளியலறைக்குப் பின்னால் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. எங்கும் கிழியாமல், முழு நீளத்துக்கு. வாய்க்கால் கரையிலிருந்து வீட்டுச் சுவர்வரை புல் இடுப்பளவு நிற்கிறது. உங்களுக்குப் பிறகு அதற்குள் யாரும் இறங்கவில்லை. ஆள் கூப்பிட்டாலும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிறார்கள்.

"மழை புடிக்கிறதுக்குள்ள வெட்டிருடா தம்பி. நான் ஒண்டியா கெடக்கேன்" என்றாள்.

இந்த மிஷினை நாம் சேர்ந்துதான் பாபநாசத்தில் வாங்கினோம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, "வாத்தியாருக்கு மிஷின் எதுக்கு? ஒரு மணி நேரம் பாடம் எடுத்தா புல்லு தானா படுத்துடுமே" என்றீர்கள். வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் ஆயிற்றே, நான் ஒரு அட்டையில் பத்து வரி எழுதிக் கைப்பிடியில் கட்டினேன். ஸ்டார்ட் ஆகாவிட்டால் எதை எதற்குப் பின் பார்ப்பது என்று. பெட்ரோல், காற்று, அப்புறம் தீப்பொறி தரும் ப்ளக். நீங்கள் அதைத் தூக்கிப் பார்த்து, "சமையல் குறிப்பு மாதிரி இருக்கே மாப்ளே, உப்பு எத்தனையாவது வரியில போடணும்?" என்றீர்கள். ஒருநாளும் படிக்கவில்லை.

உங்கள் முறை வேறு. "இழுத்தா வரணும். வரலேன்னா இன்னும் இழுக்கணும்." கயிறு அறுந்துவிடுமோ என்று எனக்குப் பதறும். கிட்ட வந்து பார்த்தால் ஸ்விட்சே போட்டிருக்க மாட்டீர்கள். சொன்னால், வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ப்ளக்கின் தலையிலுள்ள ரப்பர் மூடியை நக அளவு தூக்கிவைத்துவிடுவேன். யாராவது தெரியாமல் கயிற்றை இழுத்தாலும் மிஷின் ஓடாது, கை கால் போகாது. பார்வைக்கு மாட்டியதுபோலவே இருக்கும். இந்தத் தாலுகாவில் வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். அட்டையில் அது ஒன்பதாவது வரி. முதல் வரியாக எழுதியிருக்கவேண்டும். வாயால் உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும்.

அன்று நான் தாராசுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். கொல்லையில் நல்ல பாம்பு புல்லுக்குள் போவதை அக்கா பார்த்திருக்கிறாள். நீங்கள் என் ஷெட்டிலிருந்து மிஷினை எடுத்துப் புது பெட்ரோல் ஊற்றியிருக்கிறீர்கள். அப்புறம் நடந்ததை அக்கா இன்றும் ஒரே மாதிரிதான் சொல்கிறாள். "நாப்பது தடவை இழுத்திருப்பாரு. 'இது உன் தம்பி மாதிரி, தள்ளுனாலும் நகராது'ன்னு சிரிச்சாரு. அப்பறம் அரிவாளை எடுத்துக்கிட்டு உள்ள போனாரு."

நான் வந்தபோது, பாம்பு கடித்த உங்களைக் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மிஷின் புல்லோரம் சாய்ந்து கிடந்தது. குனிந்தேன். கட்டைவிரலால் மூடியை அழுத்தினேன். 'டிக்' என்றது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள், "விதி பாருங்க, மிஷின்கூட கைவிட்டுடுச்சு" என்றார்கள். நானும் தலையாட்டினேன். காரியத்தன்று ஒரு மெக்கானிக் சும்மா இழுத்துப் பார்த்தார். ஒரே இழுப்பில் ஓடியது. "இதுல ஒரு கோளாறும் இல்லையே சார்" என்றார். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வருஷம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்று வரிசைப்படியே செய்தேன். ஆயில் கலந்த புது பெட்ரோல். காற்று வடிகட்டியில் குளவி கட்டியிருந்த மண்ணைச் சுரண்டினேன். ப்ளக்கைக் கழற்றிக் கரியைத் தேய்த்து முடுக்கினேன். இழுத்தேன். வரவில்லை. ஆறு, ஏழு, எட்டு. மூச்சு வாங்கியது. அக்கா படியிறங்கி வந்தாள்.

"அன்னிக்கு அவருக்கு ஏன்டா மிஷினு ஓடல?"

சொன்னேன். நிமிர்ந்து பார்க்காமல், அட்டையில் எழுதுவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து அழுத்தியதுவரை. அவள் அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"இப்ப மாட்டியிருக்கியா, பாரு" என்றாள்.

பார்த்தேன். மாட்டவில்லை. ப்ளக்கை முடுக்கிய கை, தன் பழக்கத்துக்கு மூடியை நக அளவு விட்டுவைத்திருந்தது.

அழுத்தினேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது. மதியம்வரை வெட்டினேன். சாயும் ஒவ்வொரு கற்றைக்குள்ளும் அது இருக்கும் என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். சுவர் தெரிந்தது, கரை தெரிந்தது. பாம்பு மட்டும் கண்ணில் படவில்லை. இங்கேதான் எங்கேயோ இருக்கிறது.

முடித்து நிமிர்ந்தபோது அக்கா சொன்னாள்: "மிஷினு இனிமே என் வீட்லயே இருக்கட்டும்."

தூக்கிக்கொண்டுபோய் அவள் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது அத்தான். வைக்கும்போது மூடியை அழுத்தி வைத்தேனா, தூக்கி வைத்தேனா? விரலுக்கு ஞாபகம் இல்லை. போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு தடவை அவள் கதவுவரை போனேன். தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.