நான்காவது ஆள்

டனீடின்
ஏப்ரல் 12

அன்பு மகள் பிப்புக்கு,

நலம். நீயும் நலமாயிருப்பாய். உன் தீவுப் பக்கம் பலத்த காற்று என்று வானொலியில் சொன்னார்கள், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள். ஈஸ்டருக்கு என்னால் வர முடியாது. வகுப்பு கழுத்தை நெரிக்கிறது.

கணினி விளையாட்டு உருவாக்கக் கற்றுக்கொடுக்கும் என் வகுப்பில் நான்கு பேர் ஒரு குழு என்பது உனக்குத் தெரியும். ஒரு குழுவில் படம் வரைகிறவன் படிப்பையே விட்டுப் போய்விட்டான். லுயிசா, ஹாமிஷ், ஜுன்ஹோ மூவரும் திருதிருவென்று விழித்தார்கள். லாரியிலிருந்து தப்பிய செம்மறியாடு நம் ஊர்ச் செங்குத்துத் தெருக்களில் உருண்டு வீடு சேரும் விளையாட்டு அவர்களுடையது. ஆட்டுக்கு இன்னும் முகம்கூட இல்லை.

சிரிக்காதே. டேரில் என்று ஒரு மாணவனை உண்டாக்கிவிட்டேன். வெஸ்ட்போர்ட்டிலிருந்து இணையம் வழியாகப் படிக்கிறானாம். வரைவதெல்லாம் நான்தான். காலையில் எழுந்தால், 'டேரில், கொம்பு அட்டகாசம்டா!' என்று ஒரு செய்தி காத்திருக்கிறது. அம்மா போன பிறகு காலையில் என்னிடம் யாரும் பேசியதில்லை, பிப்.

அன்புடன்,
அப்பா

*

ஸ்டூவர்ட் தீவு
ஏப்ரல் 24

அன்புள்ள அப்பா,

சிரித்தேன். ஓட்டல் அடுப்படியில் நின்று படித்ததில் ஒரு மீன் துண்டு கருகியே போனது. வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதீர்கள். டேரிலுக்கு யார் மார்க் போடுவது?

ஈஸ்டர் அன்று உங்களுக்கும் ஒரு தட்டு வைத்திருந்தேன். கோபமில்லை என்று எழுதப் பார்த்தேன், முடியவில்லை. கோபம்தான். ஜூன் ஏழு எனக்கு முப்பது முடிகிறது. கட்டாயம் வாருங்கள். இரண்டு முறை எச்சரித்த பிறகுதான் ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கலாம் என்பது உங்கள் வகுப்புச் சட்டம் இல்லையா? இதை முதல் எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்

*

டனீடின்
மே 23

அன்பு பிப்,

நேற்று லுயிசா என் அறைக்கு வந்தாள்.

"கிரேம், டேரிலை எங்க டீம்லேர்ந்து எடுத்துடுங்க. ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாச்சு."

"ஏன், வேலை செய்யலையா?"

"எங்களைவிட நல்லா செய்றான். அதுதான் பிரச்சினையே. எதைச் சொன்னாலும் 'சரி'ன்னு ஒரு வார்த்தை, மறுநாள் படம் வந்துடும். ஒரு தடவைகூட சண்டைக்கு வந்ததில்ல. ஹாமிஷோட நாய் செத்துப்போச்சுன்னு எழுதினோம். மேகத்தோட நிறத்தை மாத்தட்டுமான்னு கேக்கறான்!"

"கூச்சமா இருக்கும்."

"இருக்கட்டுமே. வியாழக்கிழமை மீனும் வறுவலும் வாங்கிட்டுக் கடற்கரைக்குப் போவோம். போனை நடுவுல வைக்கிறோம், குரலாவது கொடுடான்னு கெஞ்சினோம். வரல. அவன் இருந்தா நாலு பேர் மாதிரியே இல்ல கிரேம், மூணு பேரைவிடக் கம்மியா இருக்கு."

சட்டம் என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். காலையில் வழக்கம்போல எழுந்து கணினியைத் திறந்தேன். செய்தி எதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏழாம் தேதி இவர்கள் விளையாட்டுகளை ஒப்படைக்கும் வாரத்தில் வருகிறது. வருவது கஷ்டம். ஆட்டுக்குப் பிறந்தநாள் தொப்பி போட்டு ஒரு படம் வரைந்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன்.

அப்பா

*

ஸ்டூவர்ட் தீவு
மே 31

அப்பா,

ஆட்டுப் படம் வந்தது. நன்றாக வரைந்திருக்கிறீர்கள். அதுதான் பிரச்சினையே.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள், நீங்கள் என் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை பேசுவீர்கள் என்று பார்த்தேன். "பிரேக்கும் கொஞ்சம் தளர்ந்திருக்கு" என்றீர்கள். போனில் கூப்பிட்டால் வானிலை சொல்வீர்கள். அதனால்தானே கடிதம் எழுத ஆரம்பித்தோம்.

டேரில் யாரென்று லுயிசாவுக்குத் தெரியாது. எனக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

இது இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது கடிதம் எழுத மாட்டேன்.

பிப்

*

பிளஃப் துறைமுகம்
ஜூன் 7

என் பிப்,

உன் தீவுக்கான காலைக் கப்பல் காற்றினால் ரத்து. பத்து மணியிலிருந்து டிக்கெட் கவுண்டர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். "மத்தியானக் கப்பலும் நிச்சயமில்ல. அவ்ளோ அவசரமா?" என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். "மகளோட சாப்பிடணும்" என்றேன். ஒரு சீஸ் ரோல் கொடுத்தாள். பசிக்கவில்லை, கையில் வைத்திருக்கிறேன்.

டேரில் நான்தான் என்று மூவரிடமும் சொல்லிவிட்டேன். துறைத் தலைவரிடமும் எழுதிக் கொடுத்தாயிற்று, வேலை என்ன ஆகுமோ தெரியாது. ஜுன்ஹோ விழுந்து விழுந்து சிரித்தான். ஹாமிஷுக்குக் கோபம், முகம் கொடுத்துப் பேசவில்லை. லுயிசா, "அப்ப நீங்களாவது ஒரு வியாழக்கிழமை வந்திருக்கலாமே" என்றாள்.

அன்றைக்கு உன் சைக்கிள் பக்கத்தில் நான் பயந்துபோய் இருந்தேன், பிப். வாயைத் திறந்தால் உடைந்துபோவேன் என்று பயம். நீயும் தனியாகத்தான் நின்றாய் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மத்தியானக் கப்பல் ஓடாவிட்டால் நாளை ஓடும், அதுவரை இங்கேயே இருப்பேன். உன் வாசலில் வந்து நின்றதும் எனக்குப் பேச்சு வராது என்று தெரியும். அதனால் இதைத் தபாலில் போடாமல் உன் கையில் கொடுப்பேன். என்னை எதிரில் உட்காரவைத்துப் படி. நான் காற்று, மழை என்று ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லிச் சண்டை போடு. நானும் போடுகிறேன்.

அப்பா