தாள் ஒட்டியதா?

பிப்ரவரி 3

அன்புள்ள ஒயரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் தங்கை வீட்டில் எல்லோரும் சுகமா? போனில் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கிழிக்க இரண்டு கையும் வேண்டும், அதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும் என்ற நப்பாசையில் எழுதுகிறேன். பட்டறையில் எல்லோரும் உன்னைக் கூப்பிட்ட பெயரிலேயே கூப்பிட்டிருக்கிறேன். மனைவி என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும்.

"அந்தச் சிவப்புக் கார் இங்கே நிற்கிற வரைக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது அதை வாங்க ஒருவர் வந்திருக்கிறார். பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்கிற மாதிரியே பானெட்டைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார். காற்றாய்ப் பறக்கிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவே நெரிசலில் ஊர்ந்து போவாராம். "கொதிக்காமல் போனால் போதும்" என்றார். அது ஒன்றுதான் இந்த வண்டியால் முடியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இன்னும் அதே கதைதான். பெரிய சாலையில் விரட்டினால் சூட்டு முள் நடுவில் சமர்த்தாக நிற்கிறது. நெரிசலில் பத்து நிமிஷம் ஊர்ந்தால் போதும், சிவப்புக்கு ஏறிவிடுகிறது, பானெட் இடுக்கில் ஆவி. தெர்மோஸ்டாட் மாற்றினேன். தண்ணீர் பம்ப் மாற்றினேன். கேஸ்கெட்டை இரண்டு தடவை பிரித்துப் போட்டேன். போன வருஷம் ரேடியேட்டரே புதிது. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, அந்த வண்டியின் போல்ட்டுகளுக்கு என் கை அத்துப்படி.

அப்படியே தள்ளிவிட்டால் என்ன என்று கேட்பாய். மாமா கடைசியாக உட்கார்ந்த சீட்டில் நாளைக்கு இன்னொருத்தியின் அப்பா உட்காருவார். தெரிந்தே கொடுக்க மனசு வரவில்லை.

ஒயர் வேலையில் நான் கை வைக்கக் கூடாது, இஞ்சின் வேலையில் நீ வாய் வைக்கக் கூடாது என்று கல்யாணத்தன்று மாமாவைச் சாட்சியாக வைத்துப் பேசிக்கொண்டோம். இன்றைக்கு வரைக்கும் நான் அதை மீறியதில்லை. இப்போது வெட்கத்தை விட்டு இஞ்சின் விஷயத்தில் உன் யோசனையைக் கேட்கிறேன். கார் போனால் நீ வருவாய். வருவாய் அல்லவா?

உன்,
மெக்கானிக்


பிப்ரவரி 12

மெக்கானிக் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். தங்கை பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு எப்போதுமே அத்தான் பக்கம் ஒரு சாய்வு. நான் இங்கே தையல் கம்பெனியில் மெஷின் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறேன். நாற்பது மோட்டார், நாற்பதும் சொன்ன பேச்சு கேட்கும். மனிதர்களைவிட அவை தேவலை.

வெட்கத்தை விட்டுக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வெட்கம் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். ஊர் வண்டியெல்லாம் ஓடவைக்கிற பட்டறையில் நம் வேன் மட்டும் சக்கரம் கழன்று கிடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த என் அப்பாவை ஏற்ற உங்களுக்கு அந்தக் கார்தான் கிடைத்தது. இரண்டே சீட். ஒன்றில் நீங்கள், ஒன்றில் அப்பா. எனக்கு இடம் இல்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலத்துக்கு அடியில், நெரிசலில், உங்கள் கார் கொதித்து நின்றுவிட்டது. நீங்கள் பானெட்டைத் திறந்துவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே அப்பா தனியாகப் போய்ச் சேர்ந்தார். பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அந்தப் பத்து நிமிஷத்தைக் குடித்தது உங்கள் இஞ்சின். என் கட்டை வேகும் வரை அதை மறக்க மாட்டேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்த்திவிடும். நிற்கும்போது ஃபேன்தான் வெளியிலிருந்து காற்றை இழுக்க வேண்டும். ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்திருப்பீர்கள். இழுக்கிறதா என்று பார்த்தீர்களா? பழைய இரும்புக் கடையில் நீங்கள் பொறுக்கிவந்த மோட்டார்தானே அது, பலம் போயிருக்கும். இல்லாவிட்டால் ரேடியேட்டரில் எங்காவது அடைப்பு.

இஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் இந்தத் தாளையே ரேடியேட்டருக்கு முன்னால் பிடியுங்கள். அதற்காகத்தான் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறேன். வெற்றுப் பக்கம் ரேடியேட்டரில் படட்டும். இழுத்து ஒட்டிக்கொண்டால் ஃபேன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தகடுகளின் தூசிக் கோடு தாளில் பதியும். கோடு விழாத இடத்தில் அடைப்பு. ஒட்டாமல் நழுவிவிட்டால் மோட்டார் போச்சு. தாளை எனக்குத் திருப்பி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

இன்னொருத்தியின் அப்பா என்று எழுதினீர்களே, அவருக்காகச் சொல்கிறேன். உங்களுக்காக இல்லை.

இப்படிக்கு,
எலக்ட்ரீஷியன்


பிப்ரவரி 17

என் ஒயரம்மா,

இந்தக் கடிதம் உனக்கு வராது. எழுதி, காரின் டாஷ்போர்டு அறையில் போட்டுப் பூட்டிவிடப் போகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

காலையில் நீ சொன்னபடியே செய்தேன். முள் ஏறியது, ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. குனிந்து உன் தாளைப் பிடித்தேன். ஒட்டவில்லை. நழுவவும் இல்லை. என் முகத்தில் வந்து அடித்தது. திடுக்கிட்டுப் பின்னால் போனதில், கீழே விழுந்த தாளை மிதித்துவிட்டேன். எடுத்து மறுபடி பிடித்தேன். மறுபடி முகத்தில். கையை வைத்துப் பார்த்தால் ரேடியேட்டருக்குள்ளிருந்து வெந்நீர் ஆவி மாதிரி காற்று வெளியே வருகிறது. ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டியது, இத்தனை வருஷமும் இஞ்சின் சூட்டை எடுத்து ரேடியேட்டர் மேலேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு ஒயர் இடம் மாறியிருக்கிறது. இரண்டே ஒயர். வெட்டி, மாற்றி முறுக்கி டேப் சுற்றினேன், ஐந்து நிமிஷ வேலை. தாள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்துப் பாலத்தடிக்கு ஓட்டிப் போனேன். முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். முள் அசையவில்லை. குதிக்க வேண்டியவன், அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் வழி விட்டிருந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

அந்த ஒயரை இணைத்தது நீ.

நான் ஏன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று காலையிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒயர் உன் வேலை. உன் வேலையில் பிசகு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பம்ப்பைச் சந்தேகப்பட்டேன், கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டேன், என் இரண்டு கையையும் சந்தேகப்பட்டேன். பேச்சு மாறாமல் இருந்தேன் என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, அந்தப் பெருமைதான் மாமாவைப் பாலத்தடியில் நிறுத்தியிருக்கிறது.

இதை உன்னிடம் சொன்னால் நீ தாங்க மாட்டாய். நீ வெளியே எரிந்து விழுவாய், உள்ளே நொறுங்கிவிடுவாய். எனக்குத் தெரியாதா? பழி மூன்று வருஷமாக என் தலையில் இருக்கிறது, பாரம் பழகிவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும்.

மெக்கானிக்


பிப்ரவரி 18

அன்புள்ள ஒயரம்மாவுக்கு,

நீ சொன்னது சரியாகப் போயிற்று. அடைப்புதான். தாள் பிடித்த உடனே ஒட்டிக்கொண்டது, ஃபேனில் ஒரு குறையும் இல்லை. ரேடியேட்டரின் இடது ஓரம் முழுக்கச் சேறு பிடித்துக் கெட்டியாகியிருந்தது. கழுவிவிட்டேன். பாலத்தடியில் முக்கால் மணி நேரம் நிறுத்திப் பார்த்தேன், முள் ஏறவில்லை. எல்லாம் என் கவனக்குறைவு. நீ சொன்னதெல்லாம் எனக்கு வேண்டியதுதான்.

கேட்டபடி தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கொஞ்சம் எண்ணெய் பட்டுவிட்டது, என் கையைத்தான் உனக்குத் தெரியுமே. மாதம் பிறந்ததும் டாக்டர் வந்து வண்டியை எடுத்துக்கொள்வார். உன் மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் சாமான்களை யாரும் தொடவில்லை.

தங்கையிடம் அத்தான் கேட்டதாகச் சொல்.

உன்,
மெக்கானிக்


பிப்ரவரி 24

என்னங்க,

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான புதிதில் என் சமையலைப் பிரமாதம் என்று சொல்லிவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தீர்களே, அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன்.

தாளை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இடது ஓரம் அடைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். தாளில் ஓரம் விடாமல் கோடு விழுந்திருக்கிறது, ஓர் அங்குலம்கூட விட்டுப்போகவில்லை. போன வருஷம் போட்ட புது ரேடியேட்டரில் எந்தச் சேறு வந்து கெட்டியாகிறது? எழுதின பக்கத்தில் உங்கள் செருப்புத் தடம் இருக்கிறது. துடைத்திருக்கிறீர்கள், போகவில்லை. இடது கால், குதிகாலில் பிய்ந்த அதே செருப்பு. இன்னும் மாற்றவில்லையா? அந்தத் தடத்தின் எண்ணெய் வெற்றுப் பக்கம் வரை ஊறியிருக்கிறது. ஊறின இடத்தில் மட்டும் தூசிக் கோடு கறுப்பாக அப்பியிருக்கிறது. எண்ணெய் முதலில், கோடு பிறகு. தாள் முதலில் கீழே விழுந்திருக்கிறது, பிறகுதான் ஒட்டியிருக்கிறது. நடுவில் நீங்கள் எதையோ மாற்றியிருக்கிறீர்கள். மோட்டார் பழுது என்றால் என்னிடம் மறைத்திருக்க மாட்டீர்கள். எதை மாற்றினால் விழுந்த தாள் ஒட்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது என் தொழில்.

தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கம்பெனியில் ஒரு மோட்டாரைப் பிரித்துவைத்தபடியே நின்றுவிட்டேன். தையல்காரப் பெண்கள் வந்து தோளைத் தொட்டு உட்காரவைத்தார்கள். என்ன ஆச்சு அக்கா என்று கேட்டார்கள்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இரும்புக் கடை மோட்டார், இரண்டு ஒயரிலும் கிரீஸ், நிறமே தெரியவில்லை. துடைத்துப் பார்த்திருக்கலாம். மதியச் சாப்பாட்டு நேரம், பசி. உத்தேசமாக இணைத்து கரண்ட் கொடுத்தேன், சுற்றியது. சுற்றினால் போதும் என்று மேலே ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன். நான் பற்றவைத்தது தானாக விடாது என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்கு டார்ச் பிடித்தது அப்பா.

மூன்று வருஷம் நீங்கள் உங்கள் வேலையை மட்டும் சந்தேகப்பட்டீர்கள். நானும் உங்கள் வேலையை மட்டும்தான் சந்தேகப்பட்டேன். அப்பாவைத் தகனம் செய்த அன்று, சொந்தக்காரர்கள் நடுவில் உங்களைக் கொலைகாரன் என்று சொன்னேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அந்தச் சொல்லை நான் எங்கே போய்த் திரும்பி வாங்குவேன்? மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

டாக்டரிடம் வண்டி இப்போது இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒயரை வெறுமனே முறுக்கி டேப்தான் சுற்றியிருப்பீர்கள், உங்கள் லட்சணம் எனக்குத் தெரியும். அது சூட்டில் விட்டுப்போகும். இனிமேல் தொடாதீர்கள், நான் வந்து பற்றவைக்கிறேன். இந்தத் தடவை தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பற்றவைக்கிறேன்.

முதல் தேதி மூன்று மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன். வேனை எடுத்து வராதீர்கள், அந்தக் காரையே கொண்டு வாருங்கள். அன்றைக்கு எனக்கு அதில் இடம் இல்லாமல் போயிற்று. அப்பா உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் விடுகிற நெரிசலில், பாலத்தடி வழியாக ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நான் போக வேண்டும். எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். வழியில் என்னிடம் எதுவும் பேசாதீர்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகலாம்.

உங்கள்,
ஒயரம்மா